மாலை வரை யாரும் வரவில்லை

ஜூலை பதினேழு, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மலையாள மாதம் கர்க்கடகம் பிறந்த மறுநாள். விடியற்காலை நாலே முக்காலுக்குப் பிடித்த மழை விடவில்லை. சமையலறையில் ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியை அதற்குள் இரண்டு முறை கொட்டியாகிவிட்டது. கரமனையில் நாங்கள் இருக்கும் மாடிக்கு முப்பத்தினாலு படி. அந்தப் படிகளில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. பதினெட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஏறினார்கள்.

கதவைத் திறந்த என் மனைவி உள்ளே திரும்பிச் சொன்னாள்: "ஒரு பொண்ணு வந்திருக்கா. தொப்பலா நனைஞ்சிருக்கா. முதல்ல துண்டா, காப்பியா? எண்ணிச் சொல்லுங்க."

முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்ததாகச் சொன்னாள். நனைந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அது மட்டும் நனையவில்லை.

"சார்தானே நோட்டு அண்ணாச்சி?"

அந்தப் பெயரைக் கேட்டுப் பல வருடமாகிவிட்டது. இந்த ஊரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பதிப்பில் முப்பத்தோரு வருடம் உள்ளூர்ப் பக்கம் பார்த்தேன். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம் ஆகிறது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு நீல நோட்டு வைத்திருப்பேன். எந்தப் போன் எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கம் எப்போது அச்சுக்குப் போனது, யார் வந்தார்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள், எல்லாம் அதில் இருக்கும். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் அன்றைய தினம் முடிந்ததாகத் தோன்றாது, அவ்வளவுதான். அச்சுக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் அது.

அவள் உறையிலிருந்து எடுத்தது எங்கள் பத்திரிகையின் ஒரு தாள். மஞ்சளித்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. மூன்றாம் பக்கம். மேலே இடது பக்கம், மூன்று பத்தி அகலத்தில், பதினாலு சென்டிமீட்டர் உயரத்தில், சாலையோரம் மல்லாந்து கிடக்கும் ஒரு மனிதர். பார்த்தவுடன் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வரவில்லை என்று சொல்ல ஆசைதான்.

படத்தின் கீழே நான் எழுதிய இரண்டு வரி. 'வித்துரா அருகே ஜீப் கவிழ்ந்ததில் இறந்தவர். இவர் யாரென்று தெரியவில்லை. நேற்று மாலை வரை யாரும் வந்து அடையாளம் காட்டவில்லை.'

அதன் ஓரத்தில், அச்சிடாத வெள்ளை இடத்தில், பால்பாயிண்ட் பேனாவால் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். 'மூணே காலுக்கு நான் வந்தேன். கையெழுத்துப் போட்டேன். பேப்பர் ஆபீசில் போய்ச் சொன்னேன். கண்ணாடி போட்ட ஆள். நீல நோட்டு. நான் வந்த நேரத்தை எழுதினார், 11.10.'

"அது எங்க அப்பா சார்," என்று படத்தைக் காட்டினாள். பிறகு ஓரத்து எழுத்தைக் காட்டி, "இது சித்தப்பா எழுதினது. அப்பாக்கு ஒரே தம்பி. மே மாசம் சித்தப்பா தவறிட்டாரு. பதினாறாம் நாள் சித்தி இத எங்கிட்ட தந்தா."

அவளுடைய அப்பா சாலைக் கடைத்தெருவில் மொத்த விலைக்குத் துணி எடுத்து, செவ்வாய்க்கிழமை தோறும் வித்துரா வழியாகப் போணக்காடு எஸ்டேட் தொழிலாளர் லயன்களில் கொண்டுபோய் விற்பவர். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இருபத்திரண்டு வருடம் முன்பு.

"அம்மா, சித்தப்பா செத்த அன்னைக்கு வீட்ட விட்டு இறங்கல்ல சார். பதினாறுக்கும் போகல்ல. 'கூடப்பிறந்தவன அனாதப் பொணமா போட்டுட்டுக் குடிக்கப் போனவன்'. இந்த ஒரே வார்த்தைதான், இருபத்திரண்டு வருஷமா. ஜீப் கவிழ்ந்ததுன்னு கேட்டு சித்தப்பா அன்னைக்கு மதியம் போனாரு, அப்பாவக் கொண்டுவந்தது ராத்திரி எட்டு மணிக்கு. மூணே காலுக்கே போயிட்டேன், பின்னே முழுக்க போலீஸ் காகிதம்னு சொன்னாரு. காலைல பேப்பர் வந்துச்சு. மாலை வரைக்கும் ஆரும் வரல்லன்னு இருக்கு. அப்போ மூணு மணிலேர்ந்து எங்க இருந்தான்னு சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க. சித்தப்பா லேசா குடிக்கிற ஆளு. பேப்பர் பொய் சொல்லுமான்னு கேட்டாங்க."

தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இந்த எழுத்தப் பாத்ததுலேர்ந்து அம்மா சரியா சாப்பிடுதில்ல. 'அவன் எழுதி வச்சா ஆயிடுமா'ன்னு கேக்கா. கேட்டுட்டு என் மொகத்தையே பாக்கா. சார் எல்லாத்தையும் எழுதி வைப்பீங்கன்னு ஆபீஸ்ல ஒரு பழைய ஆள் சொன்னாரு. சித்தப்பா அங்க போனது எங்கேயாவது இருக்குமா? எனக்கு அது மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரிந்தது அதைவிட அதிகம்.

எங்கள் பத்திரிகையில் ஒரு விதி இருந்தது. செத்தவர் யாரென்று தெரிந்துவிட்டால், வீட்டார் சம்மதமில்லாமல் உடலின் படத்தைப் போடக் கூடாது. யாரென்று தெரியாவிட்டால் போடலாம். பார்த்து யாராவது வருவார்கள். நல்ல விதி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இந்த விதிப்படி முப்பத்தோரு வருடத்தில் நான் போட்ட படங்கள் இருநூற்று அறுபத்து மூன்று. தலைவர்களும் வீட்டார் சம்மதித்தவர்களும் எண்பத்தெட்டு. பெயர் தெரியாதவர்கள் நூற்று எழுபத்தைந்து. அந்த நூற்று எழுபத்தைந்தில், படத்தைப் பார்த்து ஆள் வந்தது பதினொன்று. யாராவது, இப்படிப் படம் போடலாமா, சோறு இறங்கவில்லை என்று கடிதம் எழுதினால், நான் அந்தப் பதினொன்றைத்தான் பதிலாக எழுதுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஜீப் கவிழ்ந்தது காலை எட்டரைக்கு. வித்துராவில் எங்கள் பகுதிநேர நிருபர் ஒரு டெலிபோன் பூத் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஸ்டுடியோ வைத்திருந்தவரை அழைத்துப்போய்ப் படம் எடுக்கச் செய்து, பிலிம் சுருளைப் பதினொரு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். தம்பானூரில் ஆள் போய் வாங்கி, கழுவி, இரண்டு மணிக்குப் படம் என் மேஜைக்கு வந்தது. இரண்டரைக்குப் படக் குறிப்பு எழுதினேன்.

இரண்டரைக்கு எழுதியதில் 'மாலை வரை' எப்படி வந்தது என்று வெளியாள் கேட்கலாம். எங்கள் தொழிலில் அது தப்பே இல்லை. காலையில் படிப்பவருக்காக முந்தின நாள் மத்தியானம் எழுதுகிறோம். 'மதியம் இரண்டரை வரை' என்று போட்டால் செய்தி பழசாகத் தெரியும். அதனால் மாலை வருவதற்கு முன்பே மாலை வரை என்று எழுதிவிடுவோம். எத்தனை ஊர்வலத்தை, எத்தனை உண்ணாவிரதத்தை, எத்தனை தேடுதலை இப்படி மாலைவரை நடத்தியிருக்கிறேன். நடுவில் ஏதாவது மாறினால் போன் வரும், திருத்திக்கொள்ளலாம்.

போன் வந்தது. மூணு மணி நாற்பது நிமிடம். வித்துரா நிருபர். "சாரே, ஆள் தெரிஞ்சாச்சு. தம்பி வந்து கையெழுத்துப் போட்டாரு. பேரு, வயசு எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டேன். நோட்டில்தான்.

பக்கம் போனது ஐந்து மணி ஐந்து நிமிடம். நடுவில் எண்பத்தைந்து நிமிடம் இருந்தது.

பெயர் தெரிந்துவிட்டதால் விதிப்படி படத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் மூன்று பத்தி, பதினாலு சென்டிமீட்டர், காலி. வைக்க என்னிடம் இருந்தது மாநகராட்சிக் குடிநீர்க் குழாய் பற்றிய ஒரு செய்தி. ஒரு பத்திக்கு மேல் வராது. படமோ நல்ல படம். நல்ல படம் என்றுதான் அன்று சொன்னோம். ஈரத் தார்ச்சாலை, பின்னால் கவிழ்ந்த ஜீப்பின் சக்கரம், முன்னால் முகம். முதலாளி போன வாரம்தான் மூன்றாம் பக்கம் சோகையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். பெயரை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், படத்தை நாளைக்குப் போட முடியாது என்று நினைத்தேன். படம் நிற்க வேண்டுமானால் ஆள் தெரியாதவராகத்தான் இருக்க வேண்டும். குறிப்பில் கை வைக்கவில்லை. எழுதி ஒரு பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. எழுதினபோது அது உண்மை. எண்பத்தைந்து நிமிடம் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், வியாழக்கிழமைப் பத்திரிகைக்காக, ஐந்தாம் பக்கத்தில் ஆறு வரி எழுதிக் கொடுத்தேன்: பெயர், வயது, சாலைக் கடைத்தெரு வியாபாரி என்று. அது வெளியான அன்று காலை பதினொன்று பத்துக்குத் தம்பி வந்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்ப்பவர். சட்டையில் தவிட்டுத் தூசி. துக்க வீட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார் போலும், சவரம் இல்லை.

"சார், நான் மூணே காலுக்கு அங்க நின்னேன். மாலை வரைக்கும் ஆருமில்லன்னு போட்டிருக்கீங்க."

"அதுதான் இன்னைக்கு அஞ்சாம் பக்கத்துல பேரோட வந்திருக்கே."

"அண்ணன் பேரு வந்திருக்கு சார். நான் வந்தது வரல்ல."

"உங்க வீட்டு விஷயத்தை வாசகர்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

அவர் என் கையைப் பார்த்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். "நான் வந்த நேரத்த எழுதுறீங்கல்லா, அது மாதிரி ஒரு வரி போதும் சார்."

திருத்தம் போடும் வழக்கமில்லை என்று சொன்னேன். வழக்கம் இருந்தது. மொத்தம் ஆறு நிமிடம் நின்றார். போகும்போது கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இதெல்லாம் அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது என் தலைக்குள் ஓடியது. "இருங்க, பார்க்கிறேன்" என்று உள்ளே போனேன். இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் முப்பத்தோரு நோட்டுகள், வருட வரிசையில். இரண்டைக் கரையான் தின்றிருந்தது. அந்த வருடத்து நோட்டைக் கரையான் தொடவில்லை. பக்கத்தை எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. '3.40. வித்துரா. ஆள் தெரிந்தது. தம்பி.' கீழே பெயர், வயது. அதற்கும் கீழே, '5.05 பக்கம் போயிற்று.' அடுத்த தாளில், '11.10. செத்தவர் தம்பி. திருத்தம் கேட்டார். 6 நிமி.'

தம்பி வந்ததை மட்டும் காட்டலாமா என்று யோசித்தேன். தாளைத் திருப்பினால் மற்றதும் தெரியும். நாலு நிமிடம் பீரோவின் முன்னால் நின்றேன். பிறகு வெளியே வந்து, "அந்த வருஷத்து நோட்டு கரையான்ல போச்சும்மா," என்றேன்.

அவள் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரியவில்லை. பழகியவள் மாதிரி தலையாட்டினாள். "பரவால்ல சார். கேட்டுப் பாக்கணும்னு தோணிச்சு." காப்பியைக் குடித்தாள், டம்ளரை வாங்க என் மனைவி கை நீட்டியபோது தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். போகும்போது ஒன்று சொன்னாள். "எங்ககிட்ட அப்பா படம் இருந்துச்சு சார். சித்தப்பா கல்யாணத்துல எடுத்தது. கேட்டிருந்தா தந்திருப்போம்."

எங்கள் அலுவலகத்திலிருந்து ஆரியசாலையில் அவர்கள் வீட்டுக்கு நடந்தே போனாலும் பதினெட்டு நிமிடம். போக வர முப்பத்தாறு. எண்பத்தைந்தில் அது போனாலும் நாற்பத்தொன்பது மிச்சம்.

அவள் இறங்கிப் போனதும், நான் பீரோவைத் திறந்து வைத்திருந்ததை மனைவி பார்த்தாள். "கரையான் தின்ன நோட்ட மேல எடுத்து வச்சிருக்கீங்க?"

"மூடு."

"எழுத்த விட்டுட்டு மத்ததத் தின்னுருக்கோ? நல்லா படிச்ச கரையான்தான்."

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. நான் கெட்டவன் என்று நினைத்து அந்த ஒன்பது நாளையும் கழிக்கவில்லை, காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி செத்துப்போய்விட்டார், இனி யாருக்கு என்ன லாபம் என்பது ஒன்று. நான் போடாவிட்டால் வேறு பத்திரிகை போட்டிருக்கும் என்பது ஒன்று. இப்போது காலம் எப்படி என்பது இன்னொன்று. போன மாதம் கழக்கூட்டம் பைபாசில் ஒரு பையன் பைக்கோடு லாரிக்கடியில் போனான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அவன் படம் என் மைத்துனன் போனுக்கு வந்து, அவன் அதை எனக்கும் அனுப்பி, கீழே இரண்டு கைகூப்பும் படம் போட்டிருந்தான். விதியும் இல்லை, பக்கம் பார்க்கிற ஆளும் இல்லை. இவர்களோடு ஒப்பிட்டால் நான் எவ்வளவோ மேல் என்று மூன்று நாள் நினைத்தேன். நாலாம் நாள், இவர்களாவது 'யாரும் வரவில்லை' என்று கீழே எழுதுவதில்லையே என்று தோன்றியது. அதன் பிறகு அந்தக் காரணம் உதவவில்லை.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். "நோட்டு இருக்கும்மா. அன்னைக்கும் இருந்தது."

யாரிடமோ ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடப்பது கேட்டது. பிறகு, "நாளைக்கு சனிக்கிழமை, எனக்கு லீவு. அம்மாட்ட நீங்களே வந்து சொல்லுங்க சார்," என்றாள்.

ஆரியசாலைச் சந்தில் இரண்டு அறை வீடு. அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்து பழைய பத்திரிகையில் மளிகைக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைதா பசைக் கிண்ணம். மகள் வேலைக்குப் போன பிறகும் விடவில்லையாம். பிளாஸ்டிக் பை நின்ற பிறகு சாலைக் கடைத்தெருவில் கேட்டு வாங்குகிறார்களாம். நாற்காலி ஒன்றுதான். என்னை அதில் உட்காரச் சொன்னார்.

நான் நோட்டைத் திறந்து படித்தேன். மூணு நாற்பது, ஐந்து ஐந்து, பதினொன்று பத்து. விளக்க வேண்டியதையும் சொன்னேன். இரண்டரை மணிக்கு எழுதியது, திருத்தாமல் விட்டது. அவர் கை நிற்கவில்லை. நான் முடிக்கும்வரை ஐந்து கவர் ஒட்டினார்.

"அப்போ எங்க கொழுந்தன் மூணே காலுக்குப் போயிருக்கான்."

"போயிருக்கார்."

"வேட்டி வெலகித் தொட தெரியக் கெடந்தாரு. அத இழுத்து விட ஒரு ஆளு இல்லயேன்னுதான் எனக்கு. கூடப்பிறந்தவன் அங்க நின்னிருந்தா விட்டிருப்பானான்னு."

"படம் காலையில எடுத்தது. அவர் வரதுக்கு ஆறு மணி நேரம் முன்னால."

"படத்துல நேரம் போட்டிருக்கா?"

போடவில்லை.

மகள் கேட்டாள்: "மொகம் மட்டும் வெட்டிப் போட்டிருக்கக் கூடாதா சார்?"

"போட்டிருக்கலாம். வெட்டினா ஒரு பத்தி காலியாகும்."

"பத்தின்னா எவ்வளவு?"

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். நாலு சென்டிமீட்டர். அந்த அம்மாள் பசை ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு என் விரல்களையே பார்த்தார். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"நான் அவரு போன நாலாம் மாசம் இந்த வேலைய எடுத்தேன்," என்றார். "எட கணக்குக்குப் பழைய பேப்பர் வாங்குவேன். கட்டப் பிரிச்சா நடுவுல அவரு கெடப்பாரு. எடுத்துத் தனியா வைப்பேன். ஒட்ட முடியுமா? வேற ஒரு கட்டுல மறுபடியும் வருவாரு. பதினேழு தடவ வந்தாரு. ஒவ்வொரு தடவையும் எங்க கொழுந்தனத்தான் திட்டினேன். உங்கள எனக்குத் தெரியாதே."

மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த வார்த்தை அந்த அறைக்குப் போதவில்லை. அவர் அதைக் காதில் வாங்கினதாகவும் தெரியவில்லை.

"நீங்க வந்து சொன்னா நான் கேட்டுக்கிடுவேன். ஓர்ப்படி வீட்டுல நான் போய் என்னத்தச் சொல்ல? ஒரு வயசான ஆள் வந்தாரு, நோட்டப் படிச்சாருன்னா? அன்னைக்கு அவனப் பேசினவங்க பாதிப் பேரு இப்பமும் இருக்காங்க. பேப்பர்ல வந்துச்சுன்னுதான் பேசினாங்க. பேப்பர்ல வந்தது பேப்பர்லதான் மாறணும்."

அடுத்த கவரை எடுத்தார். அவ்வளவுதான் பேச்சு.

திங்கட்கிழமை பழைய அலுவலகத்துக்குப் போனேன். மகளும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். இப்போது லிப்ட் இருக்கிறது. என் நாற்காலியில் இருப்பவர் மரியாதையான மனிதர். எழுந்து நின்று பேசினார். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின படக் குறிப்புக்குத் திருத்தம் எப்படி சார் போட முடியும்? யாருக்கும் புரியாது. அப்பவே போட்டிருந்தீங்கன்னா..." பாதியில் நிறுத்திவிட்டார். நான் முடித்துக் கொடுத்தேன்: "ஒரு வரியில முடிஞ்சிருக்கும்."

விளம்பரமாகக் கொடுக்கலாம் என்று அவர்தான் சொன்னார். கீழே விளம்பரப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் இருந்தாள். நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தாள்.

"சாரே, இது நினைவஞ்சலியா, மறுப்பா? மறுப்புன்னா வக்கீல் பாக்கணும். நினைவஞ்சலின்னா இப்பவே எடுத்துக்கிடலாம்."

"நினைவஞ்சலி."

"நினைவஞ்சலில மூணே கால் மணின்னு ஆரும் போடமாட்டாங்க, கேட்டோ. பிறந்த தேதி, மறைந்த தேதி, அதுக்குக் கீழ ஒரு பாட்டு. அதான் எல்லாரும் போடுறது."

"மூணே கால் இருக்கணும்."

"செரி. மூலைல விளக்கு வைக்கட்டா? பூ? அதுக்குத் தனிக் காசு இல்ல."

"வேண்டாம்மா."

படத்தை மகள் கொண்டுவந்திருந்தாள். தம்பியின் கல்யாணத்தில் எடுத்தது. மாலையோடு தம்பி, பக்கத்தில் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு அண்ணன். அண்ணன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். எனக்கு அந்த முகத்தை அடையாளம் தெரியவில்லை. அரிசித் தூசியோடு ஆறு நிமிடம் என் முன்னால் நின்றவர் இவர்தான் என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான். அண்ணன் முகத்தை நன்றாகத் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதுவும் வேறு முகமாக இருந்தது.

ஒரு பத்தியில் போட்டால் பாதிச் செலவு என்றாள் கம்ப்யூட்டர் பெண். ஒரு பத்திக்கு வெட்டினால் அண்ணன் கை தோளோடு போய்விடும். இரண்டு பத்தி, பத்து சென்டிமீட்டர் என்று சொன்னேன்.

செலவைத் தான் தருவதாக மகள் பையைத் திறந்தாள். மூட வைத்தேன்.

நாங்கள் போட்டது இவ்வளவு: அண்ணன் பெயர், தம்பி பெயர். 'இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வித்துரா அருகே விபத்தில் காலமான அண்ணனை, அன்று பிற்பகல் மூன்றே கால் மணிக்கு முதலில் வந்து அடையாளம் காட்டி, வீடு வந்து சேரும்வரை உடனிருந்தவர் தம்பி. மாலை வரை யாரும் வரவில்லை என்று மறுநாள் இந்தப் பத்திரிகையில் வெளியானது தவறு. அதை எழுதியவன், அப்போதைய பக்கப் பொறுப்பாளன்.' கடைசி வரியில் என் பெயரைப் போட வேண்டுமா என்று கம்ப்யூட்டர் பெண் கேட்டாள். போடச் சொன்னேன். இங்கே எழுதும்போது மட்டும்தான் அதை விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. ஐந்து பிரதி வாங்கினேன். மனைவி ஒன்றை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மடித்து நோட்டுகளோடு பீரோவில் வைத்தாள். கரையானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பகலில் என் கணக்கைத் திருத்த உட்கார்ந்தேன். பெயர் தெரியாதவர்கள் நூற்று எழுபத்தைந்தில் ஒன்றைக் குறைத்தேன். அதைச் சம்மதத்தோடு போட்ட எண்பத்தெட்டில் சேர்க்க முடியாது, சம்மதம் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒரு கோடு கிழித்து அதில் ஒன்று என்று எழுதினேன். அந்த நூற்று எழுபத்து நான்கில் எத்தனைக்கு இப்படி மத்தியானமே 'மாலை வரை' எழுதினேன், அதற்குப் பிறகு எத்தனை போன் வந்தது என்று முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். ஏழாவது நோட்டில் அப்படி இன்னொன்று இருந்தது. அன்றைக்கு அதோடு மூடிவிட்டேன்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மகள் போன் செய்தாள். அவள் அம்மா காலை எட்டு பத்து பஸ்ஸில் வித்துராவுக்குப் போயிருக்கிறார். தம்பி கடைசிக் காலத்தில் அங்கேதான் மனைவியின் ஊரோடு இருந்தாராம். கூட யாரும் வர வேண்டாமென்று சொல்லிவிட்டு, பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார்.

"சித்திகிட்ட கொடுத்திருக்கா சார். சித்தி நின்னுட்டே முழுசும் வாசிச்சிருக்கா. வாசிச்சுட்டு, 'இது அவருக்குத் தெரியுமே அக்கா'ன்னு சொல்லியிருக்கா."

"வேறே?"

"வேறே ஒண்ணும் சொல்லல்ல. அம்மா வாசல்லயே இருந்து கொஞ்சம் அழுதிருக்கா. பின்னே ரெண்டு பேரும் சோறு தின்னாங்களாம். நாளைக்குத்தான் வருவாளாம்." பிறகு, "சரி சார், வைக்கட்டா," என்றாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது.

விளம்பரம் இரண்டு பத்தி, பத்து சென்டிமீட்டர், வரியோடு மூவாயிரத்து எழுநூற்று எண்பது. ஆட்டோ நாலு தடவை, முன்னூற்று இருபது. பத்திரிகை ஐந்து பிரதி, நாற்பது. அன்றைக்கு ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியதற்கு, மொத்தம் நாலாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.